அடுத்த மாசம் வெச்சுடலாம்!

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சொல்லி வீட்ல கொடுத்த காசு ரெண்டு நாளா உங்க பையில் இருக்கு. 'இதுல ஐந்நூறை எடுத்து சினிமாவுக்குப் போயிட்டு அப்புறமா வெச்சுடலாம்'னு ஒரு தடவைகூட நினைச்சதே இல்லை என்பவர்கள் கையைத் தூக்குங்க, பார்ப்போம்...

ஒருத்தரும் தூக்கலையா? ரொம்ப நல்லது. அப்ப நாம பேசலாம். ஏன்னா, நானும் தூக்க மாட்டேன். அதுவும் நான் எடுத்தது அப்பா காசுகூட இல்லை. ஒரு டிரஸ்ட்டோட காசு!

'டிரஸ்ட்டா? பெரிய இடத்துப் பையன் போல'ன்னு புருவத்தைத் தூக்காதீங்க. எங்களோடது பல்லடம் பக்கத்துல ஒரு கிராமம். நாலு மாடு, கொஞ்சம் தென்னை, வானம் பார்த்த பூமி கொஞ்சம். நம்ம டிரஸ்ட்டின் மொத்த சொத்தே ஆறு லட்சம் ரூபாய். அதன் பலனை அனுபவிக்கிற ஒரே ஆள் என் தங்கச்சி, அதாவது சித்தி பொண்ணு. அவள் படிப்புக்காக எங்க அப்புச்சி எழுதி வெச்சது அது. அப்புச்சின்னா எங்க ஊர்ப் பக்கம் அம்மாவைப் பெத்த தாத்தா.

கதையை 1996-ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

அந்த வருஷம் எங்கம்மா பிளஸ் டூ முடிச்சாங்க. கணக்குல நல்ல மார்க். கோயம்புத்தூர்ல ஒரு லேடீஸ் காலேஜ்ல பி.எஸ்சி. கணக்குக்கு சீட்டும் கிடைச்சாச்சு. ஹாஸ்டலோட சேர்த்துக் கட்ட வேண்டிய 9,000 ரூபாயை, பால் காசுல மிச்சம் பிடிச்சு, மஞ்சப் பையில சுத்தி பீரோவுல வெச்சிருந்தார் அப்புச்சி. கட்ட வேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்துச்சு.

அந்த ஒரு வாரத்துல கிணறு வத்திப்போச்சு. பக்கத்துத் தோட்டத்துக்கு போர் போட வந்த வண்டி, 'அப்படியே உங்களுக்கும் போட்டுட்டுப் போறமுங்க'ன்னு வாசல்ல வந்து நின்னுச்சு. தென்னையெல்லாம் காஞ்சு நிக்குது. மஞ்சப் பை வெளியே வந்தது. 'அடுத்த மாசம் தேங்காய் வெட்டினா அந்தக் காசை வெச்சுடலாம்'னு அப்புச்சி சொன்னார். 450 அடி ஓடியும் வெறும் புகைதான். தண்ணி வரலை. அடுத்த மாசம் வந்தது, காசு வரலை. காலேஜும் யாருக்காகவும் காத்திருக்கலை.

எங்கம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போனாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்த 9,000 ரூபாயைப் பத்தி அம்மா வாயால நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு இதைச் சொன்னதே அப்புச்சிதான். எப்ப சொன்னார்ங்கறதுக்கு அப்புறம் வர்றேன்.

2018-ல என் சித்தப்பா மாரடைப்புல போயிட்டார். நல்லா இருந்த மனுஷன். சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தார். போன பிறகுதான் அந்த ஒர்க்‌ஷாப் மேல எத்தனை கடன் உக்காந்திருக்குன்னு தெரிஞ்சது. அஞ்சு லட்சம் இன்சூரன்ஸ் வந்துச்சு. வந்த வேகத்துல கடன்காரங்க வீட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. சித்தி கையில கடைசியா நின்னது ஒரு லட்சம். மகளைக் கூட்டிக்கிட்டு அப்புச்சி வீட்டுக்கே வந்துட்டாங்க. தங்கச்சிக்கு அப்ப 11 வயசு.

இங்கே ஒரு நிமிஷம். வேலைக்குப் போகப்போற உங்க எல்லாருக்கும் இது ஒருநாள் உதவும். 1874-லேயே மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம்னு ஒண்ணு வந்திருக்கு. கல்யாணமான ஒரு ஆண் தன் பேர்ல இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கும்போதே 'இது இந்தச் சட்டப்படி என் மனைவி, குழந்தைகளுக்கு'ன்னு எழுதிக் கொடுத்துட்டா, அந்த நிமிஷமே அந்தப் பாலிசி ஒரு டிரஸ்ட் ஆகிடும். தனியா வக்கீல், பத்திரம் எதுவும் வேண்டாம். அவர் போன பிறகு கடன்காரங்க அந்தப் பணத்துல கை வைக்க முடியாது. ஆனா, பாலிசி எடுக்கும்போதே செய்யணும். எடுத்த பிறகு மாத்த முடியாது. சித்தப்பாவுக்கு இதை யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா அன்னைக்கு வாசலுக்கு வந்தவங்க அந்தப் பணத்தைத் தொட்டிருக்க முடியாது.

சரி, கதைக்கு வருவோம்.

2019-ல அப்புச்சி ஊருக்குள்ள இருந்த அஞ்சு சென்ட் சைட்டை வித்தார். நாலு லட்சம் கைக்கு வந்துச்சு. சித்தியோட ஒரு லட்சம். எங்கம்மா ஏலச்சீட்டு எடுத்த ஒரு லட்சம். மொத்தம் ஆறு. விசைத்தறி ஓட்டுற எங்க மாமா, 'என் பங்கு ஒரு லட்சம், தறிக்கூலி வந்ததும் தந்துடறேன்'னார். எல்லாரும் அப்புச்சி பேர்லயே பேங்க்ல போட்டுடலாம்னு சொன்னாங்க. அப்புச்சிதான் தலையை ஆட்டினார்.

"என்ற பேர்ல வேண்டாஞ் சாமி. பீளமேட்டுக்காரங்க மாதிரி டிரஸ்ட்டு எழுதிப் போடலாம்."

அவர் சொன்ன பீளமேட்டுக்காரங்க யாருன்னு கோயம்புத்தூர் மக்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்காக... பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுக்கு நாலு மகன்கள். குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது நாலா வகுக்காம, அஞ்சா வகுத்தாங்க. நாலு பங்கு நாலு பேருக்கு. அஞ்சாவது பங்கு தர்மத்துக்கு. ஊர்ல அந்த தர்மத்தை 'அஞ்சாவது பையன்'னே சொல்வாங்க. ரெண்டு லட்சத்துச் சொச்சம் ரூபாய்ல 1926-ல தொடங்கினதுதான் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் அறக்கட்டளை. 1947-ல கலைக் கல்லூரி, 1951-ல பி.எஸ்.ஜி. டெக்னு அந்த அஞ்சாவது பங்கு வளர்ந்துகிட்டே போச்சு. பெருந்துறையில இருக்கிற கொங்கு இன்ஜினீயரிங் காலேஜையும் 1984-ல ஆரம்பிச்சது ஒரு டிரஸ்ட்தான். ஈரோடு, கோயம்புத்தூர்ல பஸ் ஏறி எந்தப் பக்கம் போனாலும், ஏதாவது ஒரு டிரஸ்ட் காலேஜைத் தாண்டாம போக முடியாது. எங்க மண்ணுக்கு அந்த வார்த்தை அவ்வளவு பழக்கம்.

ஆனா, பல்லடத்துல வக்கீலைப் பார்த்தப்ப அவர் சிரிச்சுட்டார்.

"ஏனுங்க, அது பொது டிரஸ்ட்டுங்க. ஊர் மக்களுக்கு. உங்க பேத்தி ஒருத்திக்காக எழுதறது தனியார் டிரஸ்ட்டு. ரெண்டும் ஒண்ணில்லீங்க" என்றார்.

பத்தாங்கிளாஸ் பையனா அப்புச்சி கூடப் போயிருந்த நான் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டேன். அன்னைக்குப் புரியாததெல்லாம் பி.காம். படிச்சப்ப புரிஞ்சது. உங்களுக்குச் சுருக்கமா சொல்றேன்.

பொது அறக்கட்டளை நூறு வருஷம் ஆனாலும், அதைத் தாண்டியும் ஓடலாம். வருமான வரி விலக்கும் வாங்கலாம். ஆனா, விலக்கை வாங்கிட்டு ஆரம்பிச்சவரோட சொந்தக்காரங்களுக்கே செலவு பண்ணினா, அந்த விலக்குக்கு ஆபத்து. தனியார் டிரஸ்ட் அப்படி இல்லை. பேரைக் குறிப்பிட்டு ஒருத்தருக்கோ, சிலருக்கோ எழுதலாம். அதுக்குன்னே 1882-ல இந்திய டிரஸ்ட் சட்டம் இருக்கு. இதுக்கு வரிச் சலுகை எதையும் எதிர்பார்க்க முடியாது. நிரந்தரமாவும் வெச்சுக்க முடியாது. ஒருநாள் முடிஞ்சாகணும்.

அதுல மூணு ஆள், ஒரு பொருள், ஒரு காரணம் வேணும். சொத்தைக் கொடுக்கிறவர் ஒருத்தர். வாங்கி வெச்சுக் காப்பாத்துற டிரஸ்டி. பலனை அனுபவிக்கிற பயனாளி. எந்தச் சொத்து, எதுக்காக... இதெல்லாம் பத்திரத்துல பளிச்னு இருக்கணும். யாருக்கு எவ்வளவுன்னு தெளிவா இல்லாம எழுதினா, வருமானத்துக்கு உச்சபட்ச வரி வந்து உக்காந்துக்கும். நிலம், வீடு வெச்சா பதிவு கட்டாயம். ரொக்கம் மட்டும்னா பதியாமலும் செய்யலாம். அப்புச்சி, 'நாலு பேரு பாக்கப் பதிஞ்சுரலாமுங்க'ன்னு சொல்லி, சார்பதிவாளர் ஆபீஸுக்கே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டார். டிரஸ்ட் பேர்ல ஒரு பான் கார்டு, ஒரு பேங்க் அக்கவுன்ட். ரெண்டு டிரஸ்டி கையெழுத்துப் போட்டாத்தான் செக் பாஸ் ஆகும்.

வக்கீலும் நேர்மையான மனுஷன். "ஆறு லட்சத்துக்கு எதுக்குங்க இத்தனை செலவு? பாப்பா பேர்லயே ஃபிக்ஸட் டெபாசிட் போடலாமே. பத்து வயசுக்குள்ள இருந்தா செல்வமகள் சேமிப்புத் திட்டத்துலயே போட்டிருக்கலாம்" என்றார். பத்து வயசைத் தாண்டியாச்சே! டெபாசிட்டுக்கு அப்புச்சி சொன்ன பதில்தான் முக்கியம்.

"என்ற பேர்ல போட்டா நாளைக்கு நான் போன பொறவு அது மூணு புள்ளைகளுக்கும் பங்காயிரும். பாப்பா பேர்ல போட்டா, கார்டியன்னு ஒருத்தரு கையெழுத்துல உடைச்சுரலாம். எனக்கு, உடைக்கோணும்னு நெனச்சாலும் உடைக்க முடியாத உண்டியலு வேணுமுங்க."

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. நாமினின்னு பேர் போட்டுட்டா பணம் அவங்களுக்குத்தான்னு நம்மில் பல பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். பேங்க் டெபாசிட்ல நாமினி பணத்தை வாங்கிக்கிற ஆள் மட்டும்தான். சொந்தம் கொண்டாடுறது சட்டப்படியான வாரிசுகள். வீட்ல பாஸ்புக்கை எடுத்துப் பாருங்க, யார் யார் எதை எப்படி நம்பிக்கிட்டு இருக்காங்கன்னு!

டிரஸ்டிகள் மூணு பேர். எங்கம்மா, மாமா, ஊர்ல எல்லாருக்கும் அ, ஆ சொல்லிக்கொடுத்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். 'நீங்க இல்லீங்களா?'ன்னு வக்கீல் கேட்டதுக்கு, அப்புச்சி சொன்னார். "நான் வேண்டாமுங்க. ஒருக்கா இருந்து பாத்தாச்சு." வக்கீலுக்குப் புரியலை. எனக்கும் புரியலை. பக்கத்துல உக்காந்திருந்த அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

பத்திரத்துல வாத்தியார் ரெண்டு விஷயத்தைச் சேர்க்கச் சொன்னார். ஒண்ணு, படிப்புச் செலவை யார் கையிலும் ரொக்கமா கொடுக்காம நேரா ஸ்கூலுக்கோ, காலேஜுக்கோ கட்டணும். சில்லறைச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் ரொக்கம் வெளியே இருக்கலாம். ரெண்டு, அரசாங்கச் சலுகை எது கிடைக்கும்னு பார்த்துட்டுத்தான் உண்டியலைத் தொடணும். 2010-ல வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, 2022-ல அரசுப் பள்ளி மாணவிகளுக்கு வந்த புதுமைப்பெண் திட்டம்னு பல விஷயங்கள் பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்ச பிறகுதான் நமக்குத் தெரியுது இல்லையா? அதுக்காகத்தான்.

வக்கீல் கடைசியா ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "பயனாளி ஒருத்திதான். அவளுக்கு 18 வயசு ஆயிட்டா, பத்திரத்துல 25 வயசு வரைக்கும்னு எழுதியிருந்தாலும், 'என் காசை என் கையில கொடுங்க'ன்னு கேட்கிற உரிமை சட்டத்துல இருக்குங்க. யோசிச்சுக்குங்க."

அப்புச்சி ரொம்ப நேரம் யோசிக்கலை. "கேக்கட்டுமுங்க. அவ காசுதானுங்களே!"

இதெல்லாம் 2019. இப்ப என் மேட்டருக்கு வர்றேன். அதாங்க, ஆரம்பத்துல சொன்ன திருட்டு மேட்டர்.

நான் பி.காம். சேர்ந்ததும் கணக்கு நோட்டை வாத்தியார் என்கிட்ட கொடுத்துட்டார். 'கண் சரியாத் தெரியலை கண்ணு, நீயே எழுது'ன்னார். சில்லறைச் செலவுக்கான 8,000 ரூபாய் ஒரு கவர்ல என் பீரோவுக்கு வந்துச்சு. தங்கச்சிக்கு ரெக்கார்டு நோட்டு, கைடு, பஸ் பாஸ், பரீட்சை ஃபீஸ்னு கொடுத்துட்டு, பில்லை ஒட்டி வைக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை திண்ணையில எல்லாரும் உக்காருவோம். நான் வாசிப்பேன்.

2024 பிப்ரவரியில எங்க டிபார்ட்மென்ட்ல கொச்சிக்கு ஐ.வி. போனாங்க. தலைக்கு 6,500. மொத்த கிளாஸும் போகுது. அப்பாகிட்ட கேட்டா, 'இப்ப முடியாதுப்பா'ன்னு முகத்தை வாட்டமா வெச்சுக்குவார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. கவர் பீரோவுல இருக்கு. தங்கச்சி பிளஸ் ஒன். பரீட்சை ஃபீஸெல்லாம் கட்டியாச்சு. உடனே செலவு எதுவும் இல்லை. 'பார்ட் டைமா டேட்டா என்ட்ரி பண்றோம்ல, அடுத்த மாசம் வெச்சுடலாம்.'

கவனிச்சீங்களா? அதே வார்த்தை. அப்ப எனக்கு 1996 கதை தெரியாது. சத்தியமா தெரியாது. யாருமே சொல்லித்தராம அந்த வார்த்தை தானா வாயில வந்துச்சு.

கொச்சி சூப்பரா இருந்துச்சு. செல்ஃபியெல்லாம் எடுத்தாச்சு. மார்ச்ல டேட்டா என்ட்ரி காசு வரலை. திண்ணைக் கூட்டம் வந்துடுச்சு.

அன்னைக்குக் கூட்டத்துல வேற ஒரு விஷயம் ஓடுச்சு. மாமாவுக்குத் தறியில நெருக்கடி. நூல் விலை, கூலி பாக்கின்னு ஆயிரம். அவர் தர்றேன்னு சொன்ன ஒரு லட்சம் அஞ்சு வருஷமா வரலை. அது போதாதுன்னு இப்ப டிரஸ்ட்ல இருந்து ஒரு லட்சம் கேட்டார்.

"ஒரே மாசம். பேங்க் வட்டிக்கு மேல ரெண்டு வட்டி சேத்தித் தர்றேன். பாப்பாவுக்குத்தான் லாபம். நானும் ஒரு டிரஸ்டிதானே, எனக்கு இல்லாத அக்கறையா?"

வாத்தியார் தொண்டையைக் கனைச்சார். டிரஸ்டி அந்தக் காசைத் தன் லாபத்துக்குத் தொடவே கூடாது, ஒரு புத்திசாலி தன் சொந்தக் காசை எவ்வளவு கவனமா வெச்சுக்குவானோ, அவ்வளவு கவனமா வெச்சுக்கணும், நஷ்டம் வந்தா கைக்காசைப் போட்டு ஈடு கட்டணும்னு சட்டம் சொல்லுதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னார். மாமா, 'சட்டம் எதுக்குங்க வீட்டுக்குள்ள?'ன்னார். அம்மா ரெண்டு பக்கமும் பார்த்தாங்க. கூடப் பிறந்த தம்பி ஆச்சே. "ஒரு மாசம்தானே..."ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள 'கொடுத்துட்டா நல்லது'ன்னு இருந்துச்சு. ஏன்னா, ஒரு லட்சம் போற கணக்குல 6,500 ரூபாயை யார் பார்க்கப் போறாங்க?

அப்புச்சி என் பக்கம் திரும்பினார். "நோட்டை வாசி சாமி."

வாசிச்சேன். ரெக்கார்டு நோட்டு 320. பஸ் பாஸ் இவ்வளவு. கைடு இவ்வளவு. கடைசி வரியில 'கையிருப்பு'ன்னு வந்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. பக்கத்து ரூம்ல தங்கச்சி ஏதோ படிச்சுக்கிட்டு இருக்கிற சத்தம் கேக்குது. நான் நோட்டைக் கீழே வெச்சுட்டேன்.

"கையிருப்புல 6,500 குறையுதுங்க அப்புச்சி. நான் எடுத்துட்டேன். ஐ.வி.க்கு. அடுத்த மாசம் வெச்சுடலாம்னு..."

அடிப்பார், இல்லாட்டி திட்டுவார்னு நினைச்சேன். அப்புச்சி எங்கம்மாவைப் பார்த்தார்.

"இவன் மேல தப்பில்லம்மிணி. என்ற ரத்தம்தானே! உன்ற காலேசு காசை எடுத்தப்பவும் நான் அதேதான் சொன்னேன். அடுத்த மாசம் வெச்சுரலாம்னு. இன்னும் அந்த மாசம் வரல."

அப்புறம்தான் எல்லாருக்கும் முன்னாடி அந்த மஞ்சப் பை கதையைச் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் அம்மா கீழே கிடந்த நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் எழுந்து உள்ளே போய் எல்லாருக்கும் காபி வெச்சாங்க. அழலை. ஆனா, எனக்குக் காபி கொடுக்கும்போது தம்ளர் நடுங்குச்சு.

மாமா காபியைக் குடிச்சு முடிச்சார். துண்டை உதறித் தோள்ல போட்டார். "சரி, நான் வேற எங்கியாச்சும் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். அந்த ஒரு லட்சம் பேச்சை அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை. ரெண்டு மாசம் கழிச்சு டிரஸ்ட் அக்கவுன்ட்ல 5,000 ரூபாய் வந்து விழுந்துச்சு. அனுப்பினது மாமா. அதுக்கப்புறம் முடிஞ்சப்ப எல்லாம் ரெண்டாயிரம், மூவாயிரம்னு வருது. இன்னும் ஒரு லட்சம் ஆகலை. ஆனா, வருது.

நான்? மே மாசம் கொண்டுவந்து வெச்சேன். நோட்டுல சிவப்பு மையில எழுதினேன்: 'கணக்கு எழுதுறவர் எடுத்தது 6,500. திரும்ப வந்தது 6,500.'

அந்த டிசம்பர்ல அப்புச்சி போயிட்டார். தூக்கத்துலேயே. காரியமெல்லாம் முடிஞ்சு, சொத்துப் பேச்சு வந்தது. அம்மா, மாமா, சித்தி மூணு பேருக்கும் சம பங்கு. எந்தத் தென்னை யாருக்கு, எந்த வரப்பு எங்கேன்னு எல்லாத்தையும் பேசினாங்க. கொஞ்சம் சத்தமாவும் பேசினாங்க, பொய் சொல்வானேன்! ஆனா, அந்த டிரஸ்ட் காசைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை. திறக்கவும் முடியாது. அது அப்புச்சி சொத்தே இல்லையே. அவர் உயிரோட இருக்கும்போதே கைவிட்டுப் போன சொத்து. மூணு பிள்ளைகள் இருக்கிற வீட்ல நாலாவதா ஒரு பங்கு ஓரமா உக்காந்துகிட்டு இருந்துச்சு. பீளமேட்டு அஞ்சாவது பையன் மாதிரி, எங்க வீட்டுக்கு ஒரு நாலாவது பிள்ளை.

2025 மே மாசம் தங்கச்சிக்கு 18 முடிஞ்சது. வாத்தியார் அவளைக் கூப்பிட்டு, பத்திரத்தைக் கையில கொடுத்தார். "அம்மிணி, இனி இது உன் கையில. வேணும்னா மொத்தப் பணத்தையும் நீயே கேட்டு வாங்கிக்கலாம். கணக்கையும் எப்ப வேணும்னாலும் கேட்கலாம். அது உனக்கு நாங்க தர்ற சலுகை இல்ல, உன் உரிமை."

அவ பணத்தைக் கேட்கலை. கணக்கு நோட்டைக் கேட்டா.

ராத்திரி பூரா வாசிச்சிருக்கா. ஆறு வருஷத்துக் கணக்கு. அவ வாங்கின ஒவ்வொரு பென்சில் பாக்ஸும் அதுல இருக்கு. காலையில என் முன்னாடி வந்து நின்னா. சிவப்பு மை பக்கத்துல விரல் இருந்துச்சு.

"ண்ணா, இது என்ன?"

சொன்னேன். கொச்சி, கவர், திண்ணை எல்லாத்தையும். எனக்குக் காதெல்லாம் சூடாகிடுச்சு. அவ அமைதியா கேட்டுட்டு, செல்போன்ல கால்குலேட்டரைத் திறந்தா.

"6,500-க்கு மூணு மாசம். ஏழு பர்சன்ட் வட்டின்னு வெச்சா 114 ரூபா வருது. வட்டியை வெக்கவே இல்லையே நீ!"

வெச்சேன் பாஸ். வேற வழி?

இங்கே நின்னு ஒரு விஷயம் யோசிச்சுப் பார்த்தேன். எங்க வீட்ல யாருமே கெட்டவங்க இல்லை. அப்புச்சி மகள் மேல உயிரையே வெச்சிருந்தவர். மாமாவும் தங்கமான மனுஷன். நானும் அவ்வளவு மோசம் இல்லை, ஹி... ஹி... ஆனா, மூணு பேருமே அந்தக் காசு மேல கை வெச்சோம், அல்லது வைக்கப் பார்த்தோம். படிப்புக் காசுக்கு எதிரி திருடன் இல்லைங்க. வீட்டுக்குள்ளேயே வர்ற நியாயமான அவசரங்கள்தான். கிணறு வத்துறது நியாயம். தறி நிக்கறது நியாயம். அந்த நேரத்துல 'இல்லை, இது அவளோடது'ன்னு சொல்ல வீட்ல ஒரு ஆள் வேணும். பாசம் அந்த வேலைக்கு லாயக்கு இல்லை. அது இளகிடும். அதனால, அந்த வேலையை அப்புச்சி ஒரு பத்திரத்துகிட்ட கொடுத்துட்டுப் போயிட்டார்.

இன்னொண்ணு. சொந்தக்காரங்க 'உதவி'யில படிக்கிற பிள்ளைங்களை நீங்க பார்த்திருப்பீங்க. ஹாஸ்டல்ல உங்க ரூம்மேட்டாக்கூட இருக்கலாம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் பெரியப்பாவுக்கு போன் போட்டு, மொதல்ல நலம் விசாரிச்சு, அப்புறம் தயங்கித் தயங்கி ஃபீஸ் பேச்சை எடுக்கணும். தங்கச்சி அப்படி யாருக்கும் போன் பண்ணினது இல்லை. என்னை மடக்கி வட்டியே வாங்கினா! எனக்கு அன்னைக்கு வந்தது வெட்கமா, சந்தோஷமான்னு இன்னும் தெரியலை.

அதுக்காக எல்லாரும் நாளைக்கே டிரஸ்ட் எழுதக் கிளம்ப வேண்டாம். பத்திரச் செலவு, பான் கார்டு, வருஷா வருஷம் வரிக் கணக்குன்னு தலைவலி இருக்கு. பயனாளி மைனரா இருக்கிற வரைக்கும் அந்த வருமானத்தைப் பொதுவா அப்பா, அம்மா வருமானத்தோட சேர்த்துத்தான் பார்ப்பாங்க. சின்னத் தொகைக்கு வேற வழிகள் போதும். ஆனா, வீட்ல படிக்கிற பிள்ளை இருந்து, அதுக்குன்னு ஒரு காசு ஒதுக்கியிருந்தா, அது யார் பையில, யார் பேர்ல, எந்தக் கணக்குல இருக்குன்னு இந்த வாரமே கேளுங்க. நோட்டுல எழுதி வைங்க. அந்தப் பிள்ளைகிட்டயே நோட்டைக் காட்டுங்க. இதுக்கு வக்கீல் வேண்டாம்.

கடைசியா ஒரு காட்சி சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

தங்கச்சிக்கு பி.எஸ்சி. அக்ரி கிடைச்சிருக்கு. 2025-ல முதல் செமஸ்டர் ஃபீஸுக்கு செக் எழுதினது நான். வாத்தியார் கையெழுத்துப் போட்டுட்டார். இன்னொரு கையெழுத்து அம்மாவோடது. வழக்கமா டக்குனு போட்டுடுவாங்க. அன்னைக்கு செக்கை வாங்கி, காலேஜ் பேர் எழுதியிருந்த வரியை ரெண்டு தடவை வாசிச்சாங்க. புடவைத் தலைப்பால மேஜையைத் துடைச்சுட்டு, செக்கை அதுமேல வெச்சு, ஒவ்வொரு எழுத்தா நிதானமா கையெழுத்துப் போட்டாங்க.

"மை காயட்டும்டா, உடனே மடிக்காத" என்றார்கள்.

பால் பாயின்ட் பேனாதான். நான் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அந்த செக்கைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தோம்.